கொடுத்ததுபோற் காட்டிக் கொடாத கொடை!

நிலத்தை உழவர்க்கே கொடுத்துவிட்டேன் என்று ஊரறியப் பறையறைந்துவிட்டு, நில ஆவணத்தை மட்டும் தன் பேழைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளும் பண்ணையாரைத் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்கள் நன்கறியும். உழுபவன் உழுவான், விதைப்பான், களை பறிப்பான், வரப்பு வெட்டுவான். 'இந்நிலம் எனது' என்றே அவன் தன் மக்களிடமும் சொல்லி மகிழ்வான். ஒருநாள் பண்ணையாரின் உடைமைகளை வேறொருவன் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து வரப்பில் நிற்பான். உழுதவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். 'கொடுத்தேன்' என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் உண்மைப் பொருள் விளங்கும்!

இத்தகைய கொடை ஒன்று கணினி உலகிலும் நடந்தது. ஓராண்டு ஈராண்டு அன்று. பத்தாண்டுக் காலம் நடந்தது. அதில் பண்ணையாராக இருந்தது 'சன்' என்னும் அமெரிக்க நிறுவனம். விலைக்கு வாங்கி வந்து வரப்பில் நின்றது 'ஆரக்கிள்' என்னும் இன்னோர் அமெரிக்க நிறுவனம். உழுதவர்களோ செருமனி, பிரான்சு, இத்தாலி, பிரேசில் எனப் பல நாடுகளில் பரந்து கிடந்த மென்பொருள் வல்லுநர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் ஆர்வலர்களும் ஆவர். நிலத்தின் பெயர் 'ஓப்பன் ஆபிசு'. 'திறந்த அலுவலகம்' என்பது அதன் பொருள். எவ்வளவு திறந்திருந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மென்பொருள் என்பது கணினிக்கு மாந்தன் எழுதிவைக்கும் கட்டளைத் தொகுதி. அக்கட்டளைகள் மாந்தன் படித்தறியும் வடிவில் இருப்பதே மூலநிரல். வணிக நிறுவனங்கள் மூலநிரலை மறைத்து வைத்துக்கொண்டு, கணினி மட்டுமே படிக்கத்தக்க வடிவத்தை விற்கும். சமைத்த சோற்றை விற்பார். சமைக்கும் முறையைச் சொல்லார். மூலநிரலையே வெளியிட்டு, எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம் என்று உரிமம் தருவதே திறந்தமூல முறை. இம்முறையில் ஒரு மென்பொருளை உலகத்தார் பலர் கூடி வளர்க்கின்றனர். அங்ஙனம் கூடுவோர்தம் கூட்டமே குமுகம் எனப்படும். அக்குமுகமே தன்னைத் தான் ஆண்டுகொள்ளுமா, நிறுவனம் அதனை ஆளுமா என்பதே வழக்கு.

செருமனியின் வடபகுதியிலுள்ள இலூனெபர்க்கு நகரில், 1985ஆம் ஆண்டில், மார்க்கோ போரீசு என்னும் பதினாறு அகவை இளைஞர் தொடங்கிய சிறு நிறுவனத்தில் பிறந்தது 'இசுட்டார் ஆபிசு'. கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், படம் வரையவும் உதவும் அலுவலக மென்பொருள் அது. பின்னர் ஆம்பர்க்கு நகரில் வேரூன்றி வளர்ந்த அந்நிறுவனத்தை 1999 ஆகசுட்டில் சன் நிறுவனம் விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு, 2000 சூலை 19ஆம் நாள், அதன் மூலநிரலை உலகுக்கே திறந்துவிடப் போவதாக அறிவித்தது. அக்தோபர் 13ஆம் நாள் திறந்தும் விட்டது. பல பத்திலக்கக் கணக்கான வரிகள் கொண்ட அவ்வளவு பெரிய நிரலை ஒரு வணிக நிறுவனம் வெளியிட்டது அன்றைக்குப் பெருஞ்செய்தி. மைக்கிரோசாப்டு நிறுவனத்தின் தனியாட்சிக்குச் சரிநிகராக ஒன்று எழுந்தது என்று மகிழ்ந்தவர் பலர். இம்மென்பொருளின் கோப்பு வடிவத்திலிருந்தே, எந்நிறுவனத்துக்கும் அடிமைப்படாத ஆவண வடிவம் ஒன்று உருவாகி, 2006இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. இதன்பொருட்டுச் சன் நிறுவனத்தைப் பாராட்டாமலிருத்தல் நயன்மையன்று. நிரல் எழுதியவருள் மிகப் பலர்க்குச் சம்பளம் கொடுத்ததும் அந்நிறுவனமே.

ஆனால், தொடக்கத்தில் இன்னோர் உறுதிமொழியும் தரப்பட்டது. இத்திட்டம் விரைவில் தனித்தியங்கும் அறக்கட்டளை ஒன்றன்கீழ்க் கொண்டுவரப்படும் என்பதே அது. 2001 வந்தது, அறக்கட்டளை வரவில்லை. 2005 வந்தது, வரவில்லை. 2009 வந்தது, அறக்கட்டளைக்கு மாற்றாக, சன் நிறுவனத்தையே விலைக்கு வாங்குவோர் வந்தனர்!

ஏன் வரவில்லை? நிறுவனத்தார் மறந்துவிட்டனரா? மறதியன்று, கணக்கு. ஓப்பன் ஆபிசுக்கு ஒரு வரி நிரல் எழுதித் தர விரும்பும் எவரும் முதற்கண் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டும். தாம் எழுதியதன் பதிப்புரிமையில் சன் நிறுவனத்துக்கும் கூட்டுடைமை தருவதாக எழுதிக்கொடுப்பதே அவ்வுடன்படிக்கை. வெளித்தோற்றத்துக்கு இது தீங்கற்றது. எழுதியவன் உரிமையும் அவனிடமே இருக்கிறதன்றோ என்பர். உள்நோக்கிப் பார்த்தால் உண்மை புலப்படும். திறந்த உரிமத்தின் கட்டுப்பாடு மற்றெல்லார்க்கும் உண்டு. சன் நிறுவனத்துக்கு மட்டும் இல்லை! ஆர்வலர் ஒருவர் இரவு கண்விழித்து எழுதிக் கொடுத்த நிரலை, அந்நிறுவனம் தன் விலைப்பண்டமாகிய இசுட்டார் ஆபிசில் சேர்த்து, மூலநிரலைக் காட்டாமலே விற்கலாம். வேறு நிறுவனங்களுக்குத் தனி உரிமம் எழுதிக் கொடுத்துப் பொருள் ஈட்டலாம். எழுதியவரும் அவரொத்த பிறரும் முழுமைக்கும் அவ்வுரிமையைப் பெற இயலாது. தத்தம் துண்டுக்கு மட்டுமே உரியர். கூட்டுடைமையாம்! பால் கறந்தவனுக்குத் தன் செம்பளவு. பண்ணையாருக்கோ எல்லார் செம்பும்!

இக்கையொப்பத்தை மறுத்தவர் உண்டு. அட்டவணைக் கணக்கு மென்பொருளில், குறித்த விடையை அடைதற்கு எவ்வெண்ணை எவ்வளவு மாற்ற வேண்டும் எனக் கண்டு சொல்லும் கருவி ஒன்றை ஒரு வல்லுநர் தம் ஓய்வு நேரத்தில் பல திங்கள் உழைத்து எழுதினார். அதனைத் திறந்த உரிமத்தில் தர அவர் அணியமாயிருந்தார். சன் நிறுவனத்துக்குக் கூட்டுடைமை எழுதித் தர அணியமாயில்லை. விளைவு யாது? அவர் எழுதியது ஒதுக்கப்பட்டது. அதே பணிக்கு வேறொரு கருவியைச் சன் நிறுவனத்தார் தாமே எழுதிச் சேர்த்தனர். ஒரு வேலைக்கு இருமுறை உழைப்பு! ஆவணத்தில் ஒரு பெயர் குறைவதைக் காட்டிலும், வேலை இருமடங்காதல் மேல் என்று கருதப்பட்டது.

இங்ஙனம் வெளியே தள்ளப்பட்டவை வீணாகவில்லை. நோவெல் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் மீக்சு முதலியோர், சன் நிறுவனம் ஏற்காத திருத்தங்களையும் மேம்பாடுகளையும் ஒருங்கு திரட்டி, ஓப்பன் ஆபிசின்மேல் ஒட்டி வழங்கி வந்தனர். 'கோ-ஊ' என்னும் பெயரால் அது வழங்கிற்று. இலினக்குசுக் கணினிகளில் ஓப்பன் ஆபிசு என்று கருதிப் பலர் பயன்கொண்டது உண்மையில் இவ்வொட்டு வடிவத்தையே. தலைவாசல் அடைத்திருந்தமையின் கொல்லைப்புறத்தில் வேறொரு வாசல் உண்டாயிற்று! 2008இல் மீக்சு, நிரற்பதிவேடுகளையே அளந்து பார்த்து, உள்ளே உழைப்போர் தொகை ஆண்டுதோறும் சுருங்கி வருவதை எடுத்துக்காட்டினார். 'திறந்த' திட்டத்தில் ஆள் பெருக வேண்டுமேயன்றிக் குறைவானேன்?

அதற்குப் பதிப்புரிமை ஒன்றே கரணியமன்று. நிறுவனத்தின் உள்ளே பிறந்து பதினைந்து ஆண்டு வளர்ந்த மென்பொருளின் கட்டமைப்பே புதியவரை மிரட்டி விரட்டத்தக்கது. ஆம்பர்க்கில் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து வேலை செய்தவர்க்கு, எந்தப் பகுதி எதனோடு தொடர்புடையது என்பது வாய்ச்சொல்லாலேயே தெரியும். அடுத்த அறைக்குச் சென்று கேட்டால் முடிந்தது. பிரேசிலில் இருப்பவன் எந்த அறைக்குச் செல்வான்? மூலநிரலைப் படியெடுத்துத் தன் கணினியில் ஒருமுறை கட்டி முடிப்பதற்கே, வேறெங்கும் வழங்காத கருவிகளை அவன் கற்க வேண்டியிருந்தது. ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்பினாலோ, அதற்கொரு தனிப் பணிக்கிளை, அதன்மேல் ஓர் ஆய்வு, அதற்கொரு விளக்க ஆவணம், பின்னும் ஓர் ஒப்புதல் என்று திங்கள்கள் கழியும். சம்பளத்துக்கு வேலை செய்பவனுக்கு இவ்வொழுங்குமுறை பொறுக்கத்தக்கது. திங்கள் முடிந்தால் ஊதியம் வரும். தன் விருப்பால் வந்தவன் ஒருமுறை பொறுப்பான், இருமுறை பொறுப்பான், மூன்றாம் முறை வரமாட்டான்.

இவ்விடத்து ஒன்று சொல்லாமற் போதலாகாது. அந்நிரலின் உள்ளே வேலை செய்வோர் தமக்குள் விளங்குதற்பொருட்டு எழுதிவைத்த குறிப்புரைகளுள் பெரும் பகுதி செருமானிய மொழியிலேயே இருந்தது. ஆங்கிலம் இன்றிக் கணினி இல்லை என்று இங்கே வாய் ஓயாமல் பேசித் திரிவோர் இதனைச் செவியில் வாங்கிக்கொள்வார்களாக! உலக முழுதும் பரந்த ஒரு பெருமென்பொருளைச் செருமானியர் தம் தாய்மொழியில் எண்ணி, தம் தாய்மொழியிலேயே குறிப்பெழுதிக் கட்டினர். அது குற்றமன்று, பெருமை. ஆயின், வீட்டை உலகுக்குத் திறந்துவிட்டேன் என்று சொன்ன பின்னர், வருவோர்க்கு அக்குறிப்புகளை விளக்கித் தருவது திறந்தவரின் கடமையன்றோ? பத்தாண்டுக் காலம் அவை பெரும்பாலும் அங்ஙனமே கிடந்தன. பின்னர் வந்த ஆர்வலர்கள்தாம் பல ஆண்டு ஓயாது அமர்ந்து, வரி வரியாக அவற்றை ஆங்கிலப்படுத்தினர். நிறுவனம் வாயிற்கதவைத் திறந்தது உண்மை. உள்ளே விளக்கேற்றவில்லை என்பதும் உண்மை.

தமிழர்க்கும் இந்நிலத்தில் சிறிது பங்குண்டு. நிரல் எழுதுவோர் மட்டுமே குமுகத்தார் அல்லர். பட்டிகளையும் கட்டளைப் பெயர்களையும் தத்தம் மொழியில் பெயர்த்தவர்களும் குமுகத்தாரே. தமிழிலும் அப்பணியை ஆர்வலர் பலர் செய்தனர். 2005இல் நடுவணரசின் சார்பில் தமிழ் எழுத்துருக்களோடு இலவயமாக வழங்கப்பெற்ற குறுவட்டில், ஓப்பன் ஆபிசின் தமிழ் வடிவமும் இடம்பெற்றது. அதற்குப் 'பாரதீய ஓஓ' என்று பெயர் சூட்டினர். தமிழ் வடிவத்துக்குத் தமிழில் ஒரு பெயர் கிடைக்கவில்லை போலும்! அது நிற்க. தமிழில் ஆயினும் வேறெம்மொழியில் ஆயினும், இங்ஙனம் உழைத்த எவர்க்கும் அம்மென்பொருளின் பெயர்மேலோ எதிர்காலத்தின்மேலோ ஓர் அணுவளவு உரிமையும் இல்லை என்பதே நினைவிற் கொள்ளத்தக்கது.

2009 ஏப்பிரலில், சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கப்போகும் செய்தி வெளிவந்தது. 2010 சனவரியில் வாங்கி முடித்தது. கட்டடம், கருவிகள், உரிமங்கள், வணிகப்பெயர்கள் எல்லாம் கைமாறின. அவற்றுள் ஒன்றாக, மாட்டோடு கயிறும் போவதுபோல், ஓப்பன் ஆபிசும் போயிற்று. உலக மக்களுடையது என்று பத்தாண்டு சொல்லப்பட்ட ஒன்று, கடைச்சரக்குப் பட்டியலில் ஒரு வரியாகக் கைமாறிற்று! குமுகத்தாரை எவரும் ஒரு சொல் கேட்டிலர். கேட்க வேண்டிய கடப்பாடு எந்த ஆவணத்திலும் இல்லை.

பொறுத்துப் பார்த்தவர்கள் 2010 செப்தம்பர் 28ஆம் நாள், 'ஆவண அறக்கட்டளை' என்று பொருள்படும் பெயரில் தனி அமைப்பு ஒன்றை அறிவித்தனர். பத்தாண்டுக்கு முன் தரப்பட்ட தன்னாட்சி உறுதிமொழியைத் தாமே நிறைவேற்றிக்கொள்வதாகவே அவர்கள் கூறினர். நோவெல், கூகுள் முதலிய நிறுவனங்களும் துணை நின்றன. அவர்கள் ஆரக்கிளைப் பகைக்கவில்லை என்பது குறிக்கத்தக்கது. நீங்களும் வந்து உறுப்பினராக அமருங்கள். ஓப்பன் ஆபிசு என்னும் பெயரை அறக்கட்டளைக்குக் கொடையாகத் தாருங்கள் என்றே அழைத்தனர். அதுவரைக்கும் ஓர் இடைக்காலப் பெயராக 'இலிபரே ஆபிசு' என்று வைத்துக்கொண்டனர். பெயர் வரவேயில்லை, இடைக்காலப் பெயரே நிலைத்த பெயராயிற்று.

வந்தது வேறொன்று. ஓப்பன் ஆபிசுக்குக் 'குமுக மன்றம்' என ஒன்று பெயரளவில் இருந்தது. 2010 அக்தோபரில், இணையவழி உரையாடலாக நடந்த அம்மன்றத்தின் கூட்டத்தில், புதிய அறக்கட்டளையில் சேர்ந்த உறுப்பினர்கள் மன்றத்திலிருந்து விலக வேண்டும் என்று ஆரக்கிளைச் சார்ந்தவர் கேட்டனர். இரண்டு நலன்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவாம்! குமுகத்தின் உறுப்பினன் குமுகத்தின் தன்னாட்சியை விரும்பினால், அவன் குமுக மன்றத்தில் இருக்கத் தகுதியற்றவன். குமுகத்தையே விலைக்கு வாங்கிய நிறுவனத்தின் ஊழியன் அம்மன்றத்தில் இருந்தால் அதில் நலன்மோதல் எதுவும் இல்லை! என்னே முறைமை! வீட்டுக்காரன் வெளியே, விருந்தாளி உள்ளே என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டா. அத்திங்களின் இறுதியில், செருமானிய மொழிப் பிரிவைச் சேர்ந்த முப்பத்து மூவர் ஒருசேரக் கையொப்பமிட்டு வெளியேறினர்.

வேறொரு மென்பொருளிலும் அதே நேரத்தில் அதுவே நடந்தமை காண்க. சன் நிறுவன ஊழியர் ஒருவர் தொடங்கிய 'அட்சன்' என்னும் கருவியின் பெயரைத் தன் உடைமை என்று ஆரக்கிள் உரிமை கொண்டாடிற்று. குமுகத்தார் 2011 சனவரியில் வாக்கெடுத்தனர். பெயரை விட்டுவிட்டு வெளியேறுவோம் என்றவர் 214 பேர். இருப்போம் என்றவர் 14 பேர். 'செங்கின்சு' என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டு போயினர். இன்று உலகறிந்தது அப்புதுப்பெயரே.

மீண்டும் ஓப்பன் ஆபிசுக்கு வருவோர், வெளியேறியவர் என்ன செய்தனர் என்பதனைக் காண வேண்டும். கையொப்ப உடன்படிக்கையை ஒழித்தனர். எழுதியவன் உரிமை எழுதியவனுக்கே; திறந்த உரிமத்தில் தந்தால் போதும் என்றனர். புதியவன் ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கத்தக்க சிறுசிறு வேலைகளைப் பட்டியலிட்டு வாயிலிலேயே தொங்கவிட்டனர். எங்கும் வழங்காத கட்டுமானக் கருவியைப் படிப்படியாக அகற்றி, எல்லாரும் அறிந்த கருவிக்கு மாற்றினர். 2010 செப்தம்பரில் இருபதுக்கும் குறைவாயிருந்த நிரலாளர் தொகை, 2011 சனவரி 25ஆம் நாள் முதற்பதிப்பு வெளிவந்தபோது நூற்றுக்கு மேற்பட்டுவிட்டது. நான்கே திங்களில்! பத்தாண்டாக ஆள் இல்லை, ஆள் இல்லை என்று சொல்லப்பட்டதே. அத்துணை பேரும் எங்கிருந்து வந்தனர்? கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தனர்.

அறக்கட்டளையைச் சட்டப்படி நிறுவச் செருமனியைத் தெரிந்தெடுத்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. அந்நாட்டுச் சட்டப்படி அமைக்கப்பெறும் அறக்கட்டளைக்கு உடைமையாளர் என எவரும் இலர். அதன் நோக்கம் தொடக்கத்திலேயே எழுதிக் கட்டப்படும். பின்வருவோர் தம் விருப்பம்போல் மாற்றுதல் அரிது. அரசின் மேற்பார்வையும் உண்டு. விற்க விரும்பினாலும் விற்க ஆள் இல்லாத வீடு அது! அதற்கு வேண்டிய முதற்பொருள் 50,000 யூரோ. 2011 பிப்பிரவரியில் பொதுமக்களிடம் கேட்டனர். எட்டே நாளில் திரண்டது. 2012 பிப்பிரவரி 17ஆம் நாள் பெர்லினில் அறக்கட்டளை பதிவாயிற்று. மூன்று திங்களேனும் உழைத்து, இன்னும் ஆறு திங்களுக்கு உழைப்பதாக உறுதி சொல்லும் எவரும் உறுப்பினராகலாம். நிரல் எழுதுவோரோடு, மொழிபெயர்ப்பவரும் பிழை கண்டு சொல்பவரும் அதில் அடங்குவர். உறுப்பினர் வாக்களித்து எழுவர் கொண்ட ஆட்சிக்குழுவை ஈராண்டுக்கு ஒருமுறை தெரிந்தெடுப்பர். அவ்வெழுவருள் ஒரே நிறுவனத்தைச் சார்ந்தோர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. இவ்வரம்பு ஏட்டறிவால் வந்ததன்று. சுட்ட கை எழுதிய விதி.

ஆரக்கிள் என்ன செய்தது? 2011 ஏப்பிரலில், ஓப்பன் ஆபிசை வணிகப்பொருளாக விற்பதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. சூன் முதல் நாள், நிரலையும் பெயரையும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்க முன்வந்தது. அப்பாச்சி நல்ல அமைப்பே. அதன் பிற திட்டங்கள் அதற்குச் சான்று. ஆயின் அம்மென்பொருளுக்காகவே உழைத்து, அதற்காகவே வீடு கட்டி, பெயரைத் தாருங்கள் என்று எட்டுத் திங்களாகக் கேட்டு நின்ற குமுகத்தாரை விடுத்து, வேறொரு வீட்டுக்கு அதனை அனுப்பியதன் பொருள் யாது? அதே மென்பொருளின்மேல் தன் அலுவலகத் தொகுப்பைக் கட்டியிருந்த ஐபிஎம் நிறுவனத்துக்கு அப்பாச்சியின் உரிமமுறையே ஏற்றதாயிருந்தது. அந்நிறுவனம் அதற்குத் துணையும் நின்றது. அவ்வுரிமத்தின்படி நிரலை எடுத்து மூடிய பண்டத்திலும் சேர்த்து விற்கலாம்.

இவ்வுரிம வேற்றுமையால் விளைந்த வேடிக்கையைக் கேளுங்கள். அப்பாச்சியின் நிரலை இலிபரே ஆபிசு எடுத்துக்கொள்ளலாம். இலிபரே ஆபிசின் நிரலை அப்பாச்சி எடுத்துக்கொள்ள இயலாது. ஆறு ஒருபக்கமே ஓடிற்று. ஐபிஎம் நிறுவனத்தின் ஆர்வம் சில ஆண்டில் வடிந்தது. 2014 ஏப்பிரலில் 4.1 என்னும் பதிப்பு வந்தது; அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக வந்தவை 4.1 வரிசையின் திருத்தப் பதிப்புகளே. பாதுகாப்புப் பிழைகளைக்கூட உரிய நேரத்தில் அடைக்க ஆளின்றி, 2016 செப்தம்பரில், அத்திட்டத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்தவரே, இதனை மூடிவிடுவதாயின் எங்ஙனம் மூடுவது என்னும் வினாவை உறுப்பினர் முன் வைக்க நேர்ந்தது.

நிறுவனத்தார்க்காகப் பரிந்து பேசுவோர் இரண்டு சொல்வர். குமுகம் என்பது காற்றைக் குடித்து வாழுமா? நிரலாளனுக்குச் சோறு போடுவது யார்? நிறுவனந்தானே என்பது ஒன்று. உண்மைதான், இலிபரே ஆபிசிலும் பெரும் பகுதி நிரலை எழுதுவோர் நிறுவனங்களில் ஊதியம் பெறுவோரே. அதனால் மோதலும் உண்டு. 2020 சூலையில், இலவயப் பதிப்புக்குத் 'தனியாள் பதிப்பு' என்று அடையாளமிட்டு, வணிகத்தாரை விலைப்பதிப்பின்பால் திருப்பலாம் என்னும் கருத்து எழுந்தது. உறுப்பினர் பலர் கொதித்தெழவே, அது கைவிடப்பட்டது. அவ்வாண்டு அக்தோபரில், நிரலாளர் பலர்க்கு ஊதியம் தந்து வந்த கொல்லாபரா நிறுவனம், இணையவழிப் பதிப்பின் வளர்ச்சியைத் தன் தனியிடத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டது. இதனை மறைத்துப் பேசுவது அறமாகாது. ஊதியம் தரும் நிறுவனத்துக்கும் வாக்களிக்கும் உறுப்பினர்க்கும் இடையே கயிறிழுப்பு என்றும் உண்டு. ஆனால் இங்கே கயிற்றின் இருமுனையும் இருவர் கையில் இருக்கின்றன. கருத்தைச் சொன்னவர் வெளியில் வந்து சொன்னார், மறுத்தவர் வெளியிலேயே மறுத்தார், மறுப்பு வென்றது. ஓப்பன் ஆபிசில் கயிற்றின் மறுமுனையே ஆரக்கிளின் பேழைக்குள் இருந்ததன்றோ!

நிறுவனம் தன் கைப்பிடியை விட்டுவிட்டால் மென்பொருள் சிதைந்துபோகும் என்பது அவர்தம் இரண்டாம் கூற்று. இதற்கு விடை 2003இலேயே கிடைத்துவிட்டது. நெட்சுகேப்பு என்னும் நிறுவனம் 1998 மார்ச்சு 31ஆம் நாள் தன் உலவியின் மூலநிரலை வெளியிட்டது. பழைய நிரல் பயன்படாதென்று கண்டு பெரும்பகுதியைப் புதிதாக எழுத நேர்ந்தது. முதல் முழுப்பதிப்பு வர 2002 சூன் ஆயிற்று. இடையில் நெட்சுகேப்பையே ஏ.ஓ.எல். நிறுவனம் வாங்கியது. சோர்ந்து விலகினோர் பலர். எனினும், 2003 சூலை 15ஆம் நாள் 'மொசில்லா அறக்கட்டளை' அமைக்கப்பெற்றபோது, ஏ.ஓ.எல். நிறுவனம் பெயரையும் விட்டுக்கொடுத்து, இருபதிலக்க டாலர் தொடக்கப் பொருளும் தர ஒப்பிற்று. அடுத்த ஆண்டு நவம்பரிலேயே அவ்வறக்கட்டளை 'பயர்பாக்சு' என்னும் உலவியின் முதற்பதிப்பை வெளியிட்டு, மைக்கிரோசாப்டின் தனியாட்சியை அசைத்தது. அந்நிறுவனம் அன்பினால் கொடுத்ததா, தனக்கு வேண்டாமையால் கொடுத்ததா என்று கேட்கலாம். வேண்டாமையால்தான் கொடுத்தது. ஆனால் ஆவணத்தோடு கொடுத்தது!

ஓப்பன் ஆபிசு மூலநிரல் வெளியான இருபதாம் ஆண்டு நிறைவின்போது, 2020 அக்தோபர் 12ஆம் நாள், ஆவண அறக்கட்டளையார் அப்பாச்சியார்க்குத் திறந்த மடல் ஒன்று எழுதினர். பழைய பெயரை மட்டுமே அறிந்தவர்கள் இன்றும் அப்பெயரைத் தேடி வருகின்றனர்; பெருமாற்றம் எதுவும் காணாத பழம்பதிப்பையே பெற்றுச் செல்கின்றனர்; இலிபரே ஆபிசு என ஒன்று உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள் என்பதே அம்மடலின் வேண்டுகோள். பெயரைத் தாருங்கள் என்று அப்போது அவர்கள் கேட்கவில்லை. வழியையேனும் காட்டுங்கள் என்றுதான் கேட்டனர். அதன் பின்னரும், திருத்தப் பதிப்புகள் பழைய பெயரிலேயே வெளிவந்தன.